பச்சையில் இறங்கிய கோடு

என் பிரியாவிடை நாளில், கேக் வெட்டுவதற்குச் சற்று முன்னால், உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், கேள்வி கேட்டவரைக் காட்டிக்கொடுப்பது அழகில்லை. திரையில் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் அரசு நுகர்வுச் செலவு, பல வருடக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வருடத்தில் அது இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பச்சை வந்திருக்கு மேடம். நல்லதுதானே? அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கேக் நன்றாகவே இருந்தது. கேள்விக்குத்தான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இது அந்தப் பதில். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. உற்சாகம் என்னிடம் அதிகம் இல்லை, மன்னியுங்கள். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதினால் மறுபடியும் ஒரு கிளையன்டுக்கு எழுதுவது போலாகிவிடும். வாக்கியங்கள் தாமாகவே டை கட்டிக்கொள்ளும். நான் யாழ்ப்பாணத்தாள். துபாயில் உட்கார்ந்து வேறு நாடுகளின் கணக்கைப் பார்த்தே தலை நரைத்தவள். நீங்கள் சென்னையோ, நெல்லையோ, மட்டக்களப்போ, இதை வாசிக்கும் அளவுக்கு நமக்குள் மொழி பொதுவாக இருக்கிறது.

முதலில் அந்தப் பெயர். அரசு நுகர்வுச் செலவு என்று பெயர் வைத்தவர் மேல் எனக்குத் தீராத கோபம். கேட்டால் மந்திரிமார் வரிசையாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவது போல இருக்கும். உண்மையில் அது ஆசிரியரின் சம்பளம், தாதியின் சம்பளம், பொலிஸ்காரரின் சம்பளம், வார்டில் எரியும் விளக்கு, ஊசி, பஞ்சு. வைத்தியசாலைக்குக் கட்டடம் கட்டினால் அது முதலீடு. நாடா வெட்டிக் கைதட்டுவார்கள். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தாதி வந்து நின்றால் அது நுகர்வு. குறைக்க முடியாதா என்று கேட்பார்கள். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வயிற்றில் உணர்ந்திருக்கமாட்டீர்கள்.

அடுத்தது நம் அறிக்கை டெம்ப்ளேட். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறப்பெட்டி உண்டு. ஏற்றுமதி ஏறினால் பச்சை. விலைவாசி ஏறினால் சிவப்பு. அரசு நுகர்வு இறங்கினால் பச்சை, ஏறினால் சிவப்பு. இதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. எண்ணைத் தட்டினால் நிறம் தானாக வந்துவிடும். நாம் எல்லோரும் எண்ணைச் சரிபார்ப்போம், மூலத்தைச் சரிபார்ப்போம். நிறத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக அப்போது ஒருவர் இருந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து பொருளாதாரம் படித்தவர். அவர் பெயரையும் விட்டுவிடுகிறேன்; நான் கூப்பிட்டபடி சேர் என்றே சொல்கிறேன். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊர்ப் பேச்சுத்தான், நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவரான பார்ட்னர் முன்னாலும்.

தொற்றுக்காலம் முடிந்த பிறகு, வளைகுடா முதலீட்டு நிதியம் ஒன்று எங்களிடம் வந்தது. அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்க யோசிக்கிறார்கள். வைத்தியசாலைகளுக்கு மின்சாரம், குளிர்பதன அறைகள், புதிய கட்டடங்கள். கொடுக்கலாமா என்று நாங்கள் சொல்லவேண்டும். நாட்டின் பெயர் கேட்காதீர்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசிய வாக்குறுதி எனக்கு வயதானதால் செத்துவிடவில்லை.

அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு தேசத்தின் கதை தெரியும். ஆரம்பத்தில் ஏற்றம்: புதிய பள்ளிக்கூடங்கள், புதிய வேலைகள், எல்லாம் நம் அரசு என்ற பெருமை. பிறகு செங்குத்தாக ஒரு சரிவு: கடன் கொடுத்தவர்கள் கேட்டபடி ஆட்குறைப்பு. பிறகு நீண்ட காலம் தட்டுத்தடுமாறி ஏறி வந்தது. தொற்றுக்காலத்தில் ஒரு மேடு. அதற்குப் பிறகு சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. பெட்டி பச்சை.

சேர் என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யம்மா, இது ஏன் இறங்குதுன்னு கேட்டியளா? இல்ல, நாமளே பச்சையடிச்சு அனுப்பிருவோமா?"

"கேட்டனான் சேர். கட்டுப்பாடு எண்டு சொல்லினம்."

"யாரு சொன்னா?"

"நிதியமைச்சு."

"அவிய வேற என்ன சொல்லுவாவ?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நிதியமைச்சின் வார்த்தையைத் தாண்டி ஒரு நாட்டின் கணக்கை யாரிடம் போய் விசாரிப்பது?

எனக்கு வழி காட்டியது என் கணவரின் இருமல். அவர் ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். வீடு அங்கே, நான் தினமும் துபாய்க்கு வந்து போவேன். தூசி அவர் நெஞ்சில் குடியேறியிருந்தது. சனிக்கிழமைகளில் தொழிலாளர் கேம்புகளுக்குப் பின்னால் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முகத்தில் கவசம் மாட்டி மருந்து ஆவி கொடுப்பார்கள். வாசலில் ஒருவன் "யல்லா பாய், அடுத்த ஆள், ஜல்தி" என்று கத்திக்கொண்டேயிருப்பான். உள்ளே எல்லாரும் ஒரே மாதிரி இருமுவார்கள்.

அங்கே மரியாமா என்று ஒரு தாதி புதிதாக வந்திருந்தாள். சிரிக்கமாட்டாள். கவசத்தைக் கழற்ற முயன்ற என் கணவரை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் ஒரே மூச்சில் திட்டினாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. எந்த நாடு என்று கேட்டேன். சொன்னாள். பகலெல்லாம் என் திரையில் கோடாகக் கிடக்கும் நாடு, என் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்கே என்ன வேலை செய்தீர்கள்?"

"இதே வேலைதான். அரசு வைத்தியசாலை, பிரசவ வார்ட். செய்தேன் என்று சொல்லாதீர்கள். இப்போதும் அது என் வேலைதான். சம்பளமில்லாத லீவில் வந்திருக்கிறேன்."

"உங்கள் இடத்தில் இப்போது யார்?"

"யாருமில்லை. என் நாற்காலி காலியாக இருக்கிறது. என்னோடு கிளம்பிய இருவரின் நாற்காலிகளும்தான். ஒருத்தி குவைத்தில், ஃபஹாஹீலில். ஒருத்தி ஓமானில், சோஹாரில்." ஆவி தீர்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்தாள். "என் மகள் என் அக்காவிடம் இருக்கிறாள். அவள் பள்ளி முடித்ததும் போய்விடுவேன். அதற்காகத்தான் ராஜினாமா செய்யவில்லை. இங்கே எனக்கு இருப்பது விசா. அங்கே இருப்பது வேலை."

திங்கட்கிழமை அந்த நாட்டின் சுகாதார அமைச்சில் ஆளணிப் பிரிவில் இருந்த ஒருவரை போனில் பிடித்தேன். களைத்த குரல். "மேடம், ஆட்கள் போய்க்கொண்டேயிருக்கிறார்கள். புதிதாக எடுக்க எங்களுக்கு அனுமதியில்லை. சம்பளச் செலவு தானாகக் குறைகிறது. நிதியமைச்சு இதைக் கட்டுப்பாடு என்கிறது. நாங்கள் வேறொரு பெயர் வைத்திருக்கிறோம். அதைப் பெண்களிடம் போனில் சொல்லமுடியாது."

அவர் சொன்னது எனக்குப் புதிதாகவும் இல்லை. இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் ஊர் வைத்தியசாலைகளிலும் அதுதான் நடந்தது. கிளினிக்கில் கேட்டதையும் சேர்த்துச் சேரிடம் சொன்னேன். "எங்க ஊர்க்கரையில வீட்டுக்கு ஒரு நர்ஸு வெளிநாட்டுல இருக்கு யம்மா. எங்க அக்கா மவளும் அப்பிடித்தான் போச்சு. ஊரு ஆஸ்பத்திரில யாரு இருக்கான்னு நாங்க கேட்டதேயில்ல. வீடு கட்டினோம், சந்தோசப்பட்டோம்" என்றார். பிறகு என் திரைக்கு வந்து, தன் கையாலேயே அந்தப் பெட்டியைச் சாம்பல் நிறமாக்கினார். கீழே ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். அதைச் சொல் சொல்லாக இருவரும் சேர்ந்து எழுதினோம்: இந்த இறக்கம் செலவுக் கட்டுப்பாடு அல்ல, வெளிநாடு சென்ற சுகாதாரப் பணியாளர்களின் இடங்கள் காலியாகக் கிடப்பதன் விளைவு, அவர்கள் திரும்பினால் செலவு மீண்டும் ஏறும்.

பார்ட்னருக்குச் சாம்பல் பிடிக்கவில்லை. "போர்டு உறுப்பினர்களுக்குச் சாம்பல் என்றால் என்ன என்று புரியாது. பச்சையா, சிவப்பா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்.

"ரெண்டும் பொய்யி" என்றார் சேர், தமிழிலேயே. பிறகு அதை ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டிய காலம் அது. பார்ட்னர் அதை நினைவூட்டவும் செய்தார். சேர் அசையவில்லை. சாம்பல் அப்படியே கிளையன்டுக்குப் போனது. அன்றைக்கு நாங்கள் இருவரும் கீழே உள்ள கஃபேடீரியாவில் கரக் சாயாவும் சமோசாவும் வாங்கிச் சாப்பிட்டோம். எவ்வளவு பெருமை எனக்கு! உண்மையை எழுதியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். உங்களுக்கும் ஒருநாள் அந்தப் பெருமை வரும். அப்போது சமோசாவை மெதுவாகச் சாப்பிடுங்கள்.

சில வாரங்களில் நிதியத்திடமிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். எங்கள் நேர்மையான பகுப்பாய்வு அவர்கள் குழுவுக்குப் பெரிதும் உதவியதாம். செலவு மீண்டும் ஏறும் அபாயத்தை நாங்கள் சுட்டிக்காட்டியிருப்பதால், அந்த அபாயத்தை நிரந்தரமாக நீக்கப்போகிறார்களாம். காலியாகக் கிடக்கும் அரசுப் பணியிடங்களை நிதியாண்டு முடிவதற்குள் ரத்துச் செய்யவேண்டும் என்பது கடன் நிபந்தனையாகச் சேர்க்கப்படுகிறது. சம்பளமில்லாத லீவில் இருப்பவர்களின் இடங்களும் அதில் அடக்கம்.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாம எழுதுன வாக்கியத்தையே எடுத்து அந்த நர்ஸுமாரு கழுத்துல கட்டிட்டாவ, யம்மா" என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எண் சரி. காரணம் சரி. குறிப்பில் ஒரு பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைக் கையில் வாங்குகிறவரின் வேலை என்ன என்று நாங்கள் யோசிக்கவில்லை. கடன் கொடுப்பவரிடம் 'செலவு ஏறும்' என்று சொன்னால், அவர் 'தாதிகள் திரும்பி வருவார்கள்' என்று படிக்கமாட்டார். 'என் பணத்துக்கு ஆபத்து' என்றுதான் படிப்பார். அவர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. அவர் மேசை அப்படி.

நிபந்தனையைப் பற்றிப் பேச அபுதாபிக்குப் போனோம். எங்களைச் சந்தித்த அதிகாரி இளைஞர், மிக நல்ல பண்பு. பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் வந்தன. சேர் சுற்றி வளைக்கவில்லை.

"சுகாதாரத் துறையை இந்த நிபந்தனையிலிருந்து நீக்குங்கள். நாங்கள் எழுதிய ஏற்றம் ஆபத்து அல்ல. அது வார்டுக்கு ஆள்."

"ஏறும் என்று சொன்னது நீங்கள்தானே?"

"ஆம். ஏறவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னோம்."

அந்த இளைஞர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் குழுவிடம் கொண்டுபோவது ஒரே வரி. இந்தச் செலவு ஏறுமா, ஏறாதா? ஏறும் என்றால் கடன் நின்றுவிடும். கடன் நின்றால் அந்த வைத்தியசாலைகளுக்கு மின்சாரமும் இல்லை. எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?"

இருட்டில் தாதியா, வெளிச்சத்தில் வெறும் கட்டிலா என்பதுதான் கேள்வி. சேர் வாதாடினார், நானும் வாதாடினேன். கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது: நிதியாண்டு முடிவதற்குள் வேலைக்குத் திரும்பி வந்து சேர்பவர்களின் இடம் ரத்தாகாது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இது வெளியே போகக்கூடாது. அதன் பிறகு அந்த நாட்டு அமைச்சு அறிவிக்கும்.

"அறிவிப்பு வரும்போது, இங்கே வளைகுடாவில் இருப்பவர்கள் ஊர் போய்ச் சேர நேரம் இருக்குமா?" என்று சேர் கேட்டார். அதிகாரி தன் கோப்பையைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது சேர்தான் கார் ஓட்டினார். துபாய் எல்லை வந்தபோது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சனிக்கிழமை உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவியளா?"

"ஓம் சேர். ஆவி பிடிக்க வேணும்."

"போங்க. நான் ஒண்ணும் சொல்லல."

நானும் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ரகசியம் வெளியே போனது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். கணவரின் உடம்பு அப்போதிருந்த நிலையில் அவர் வேலை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியாது. எங்கள் இருவரின் இருப்பும் என் ஒப்பந்தத்தில்தான் தொங்கியது. இப்படிச் செய்யுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. அது உங்கள் விசா, உங்கள் மனச்சாட்சி. நான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத்தான் சொல்வேன்.

மரியாமா கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நிச்சயம்?"

"அதைப் பேசிய அறையில் நான் இருந்தேன்."

அவள் என்னை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். "நீங்கள் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"வாதாடினோம். கிடைத்தது இவ்வளவுதான்."

"எங்கள் வார்டைப் பற்றி நீங்கள் வாதாடினீர்களா? நீங்கள் யார்?" என்று கேட்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமத் தொடங்கியதும் அங்கே போய்விட்டாள்.

கிளினிக் மேனேஜர் அவளை விட மறுத்தார். லீவு மாஃபி, கிடையாது, ஒப்பந்தம் முடியட்டும் என்றார். அவள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, இங்கே மறுபடி வேலைக்கு வரமுடியாது என்ற தடையையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போவதற்கு முன் தோழிகள் இருவருக்கும் சொல்லியிருக்கிறாள். ஃபஹாஹீலில் இருந்தவளை அவள் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, கஃபீல், விடவில்லை. சோஹாரில் இருந்தவள் நம்பவில்லை. அரசாங்க வேலையை யார் பறிக்கமுடியும் என்று கேட்டாளாம்.

அடுத்த சனிக்கிழமை வேறொரு தாதி வந்தாள். என் கணவர் கவசத்துக்குள்ளிருந்து, "இஞ்சேரும், அந்தப் பிள்ளை எங்கை? திட்டுறதுக்கு ஆளில்லாமல் இருமலும் வருகுதில்லை" என்றார். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். "நல்லது. தன்ரை ஊரிலை வேலை செய்யட்டும்" என்றார் திருப்தியாக. எனக்கும் அப்போது கொஞ்சம் நிம்மதிதான். ஒரு நாற்காலியையாவது காப்பாற்றினோம் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மெட்ரோவில் நின்றுகொண்டு காதில் வைத்துக் கேட்டேன். பின்னால் பெண்களின் அலறல், பாத்திரம் விழும் சத்தம். அவள் குரல் மட்டும் எப்போதும் போல் நிதானமாக இருந்தது.

"வந்து சேர்ந்துவிட்டேன். என் இடம் இருக்கிறது. என் இடம் மட்டும்தான் இருக்கிறது. மற்ற நாற்காலிகளை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மின்சாரம் வந்துவிட்டது, நல்ல வெளிச்சம். இந்தப் பக்கம் ஒருத்திக்குக் குழந்தை தலை காட்டும்போது அந்தப் பக்கம் இன்னொருத்தி கூப்பிட்டால் நான் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள்."

என் நிறுத்தம் தாண்டி நான்கைந்து நிறுத்தம் போயிருந்தேன். அந்தச் செய்தியைச் சேருக்கு அனுப்பினேன். அவர் கேட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அந்த வருடம் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நாகர்கோவிலுக்குப் போவதற்கு முதல் நாள் என் மேசைக்கு வந்தார்.

"யம்மா, மாஸ்டர் டெம்ப்ளேட்டுல அந்தப் பெட்டியைச் சாம்பலாக்கி வச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க."

"வேறை ஏதும் சொல்லப் போறியளா சேர்?"

"காரணத்தைக் கண்டுபிடிச்சா போதும்னு நெனச்சேன். அதை வச்சு அவங்க என்ன செய்வாவன்னு மொதல்ல கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். கை குலுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் போன பிறகு டெம்ப்ளேட்டைப் புதுப்பித்தார்கள். நிறங்கள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. நான் மாற்றுவேன்; அடுத்த பதிப்பில் மீண்டும் பச்சையாகும். நான் மாற்றுவேன், மீண்டும் பச்சையாகும். இதற்காக நான் யாரோடும் சண்டை போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். களைத்துப் போயிருந்தேன்.

புது வருட எண் வந்த அன்று முதல் வேலையாக அந்தக் கோட்டைத்தான் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய ஒரு தாதியின் சம்பளம் அதில் எங்கேயோ இருக்கவேண்டும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. கோடு கீழேதான் போயிருந்தது. துபாயில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த நாட்டை முன்னுதாரணம் என்று காட்டினார்கள். பெரிய திரையில் பச்சை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். கை தானாக எழுந்தது. இவ்வளவு வருடப் பழக்கம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால் மரியாமாவிடமிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது. இந்தமுறை சோஹாரிலிருந்து. இங்கே தடை இருப்பதால் ஓமான் பக்கம் போயிருக்கிறாள்; துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். ஊர் வார்டில் ஒரு தாய் செத்துப்போனாளாம். மரியாமா அடுத்த கட்டிலில் இன்னொரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எட்டினால் கை படும் தூரத்தில், இரத்தம் போய்ப் போய்விட்டாளாம். இரண்டு கைதான் இருக்கிறது என்று விசாரணையில் சொன்னாளாம். எழுதிக்கொண்டார்களாம். மறுநாளே கிளம்பிவிட்டாள்; அது நடந்து ஒரு வருடமாகிறதாம்.

"லீவா?" என்று கேட்டேன்.

"இல்லை. ராஜினாமா" என்று பதில் வந்தது. "இனி எனக்கு அங்கே வேலையும் இல்லை. உங்கள் அறையில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்."

யாரிடம் சொல்வது? சேர் ஊரில் இருக்கிறார். அந்த இளம் அதிகாரி வேறு நாட்டுக் கோப்புக்கு மாறிவிட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். இப்போது அந்த அறையில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

கேள்விக்கு வருகிறேன். இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றீர்களே, அது எதனால் என்று முதலில் அந்த ஊரில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு, உடனே எழுதிவிடாதீர்கள். அந்தக் காரணத்தை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கிளையன்டிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் சேர்த்து, அதனால் யார் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இல்லாமல் போவார்கள் என்பதையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பார்ட்னர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இவ்வளவு செய்தும் நாங்கள் கேட்டது கிடைத்திருக்குமா என்றால், எனக்குத் தெரியாது. கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்காகச் செய்யாமல் விடமுடியாது.

நல்லதுதானே என்று கேட்டீர்கள். இறங்கிய அந்தக் கொஞ்சத்தில் மரியாமாவின் சம்பளமும் இருக்கிறது. அப்படியே விட்டுவிடவேண்டாம். பச்சையை எடுத்துவிடுங்கள், பிள்ளை. அந்த வார்டில் விளக்கு எரிகிறது, ஆள் இல்லை.